மலையாளி என்று யார் சொல்வது?

கொல்லிமலையை விட்டு இறங்கினால் எங்களைக் கேட்கும் முதல் கேள்வி, "மலையாளின்னா கேரளாவா?" என்பதுதான். மலையில் வாழ்பவன் மலையாளி, அவ்வளவே. ஆனால் எங்கள் பெரியவர்கள் ஊருக்குள் தங்களைக் கவுண்டர் என்றே சொல்லிக்கொண்டார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் மலைக்கொருவராய்ப் பிரிந்தார்கள், வேளாளர்கள் அவர்கள் என்பது கதை. கீழ்நாட்டு மேல்சாதியின் கண்ணுக்கு மதிப்பாய்த் தெரிய வேண்டும் என்ற ஆசை இல்லாமல் இப்படியொரு கதை பிறந்திருக்காது என்பது என் எண்ணம். இந்தப் பெருமையைப் பிடித்துக்கொண்டு பறையர், அருந்ததியர் வீட்டில் தண்ணீர் குடிக்க மறுத்த கிழவர்களை நான் அறிவேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிகளைப் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன், 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இந்தக் கதையையும் சேர்த்தார். அச்சில் ஏறியது அங்கேயே நின்றது.

சுதந்திரத்துக்குப் பின் அரசு எங்களைப் பழங்குடிப் பட்டியலில் வைத்தது. 1976 திருத்தத்தில் சேலம், தர்மபுரி, திருச்சி என்று சில மாவட்டங்களின் மலையாளிகளே பழங்குடி. அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த பர்கூர் மலைக்காரர் இல்லை. மனிதன் மாறவில்லை, மாவட்டக் கோடுதான் மாறியது.

1989இல் சான்றிதழ் தரும் அதிகாரம் தாசில்தாரிடமிருந்து கோட்டாட்சியருக்குப் போனது. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், தெய்வம், சடங்கு, கல்யாண முறை, பிணம் புதைக்கும் முறை எல்லாவற்றையும் விசாரிக்கச் சொன்னது. போலிகளைப் பிடிக்கத்தான், சரி. ஆனால் என்னை விசாரித்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பேண்ட் போட்டிருக்கே, இங்கிலீஷ் பேசற, நீ எப்படிப்பா பழங்குடி?" என்றார். தொடர்ந்து, "வேளாளன்னு உங்காளுங்களே சொல்லியிருக்காங்களே?" பெருமைக்குச் சொன்ன கதை சாட்சியாய்த் திரும்பி வந்தது.

இந்தச் சோதனை ஒன்றே எதையும் தீர்மானித்துவிடாது என்று அதே நீதிமன்றம் 2011லும் 2023லும் சொன்னது. இருந்தும், போன வருஷம் விசாரணைக்கு முந்தின ராத்திரி என் மகள் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து சாவுச் சடங்குகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். கீழே விடுதியில் கேலிக்குப் பயந்து மலைப்பேச்சையே மறைக்கப் பழகியவள் அவள்.

"எதுக்குடி இதெல்லாம் எழுதறே?" என்றது கிழவி.

"அவங்க கேப்பாங்க பாட்டி. மாத்திச் சொல்லிட்டா நாம மலையாளி இல்லேம்பாங்க."