கள்ளக்குறிச்சியில மேடை போட்டா என்ன ஜோக் சொல்லுவீங்க?

இந்த எபிசோடுல ஒரு காமெடியனோட கரியரைப் பார்க்கப் போறோம். ஊர் ஊரா டூர் போனவர், புகழின் உச்சத்துல ஜெயிலுக்குப் போய், திரும்பி வந்து மறுபடியும் ஜெயிச்சவர். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

ஆனா கதையைக் கள்ளக்குறிச்சியில இருந்து ஆரம்பிக்கிறேன். காரணம் கடைசியில புரியும்.

வாரம் அஞ்சு நாள் கோட் எழுதுற எனக்கு ஸ்டாண்ட்-அப் ஷோதான் பெரிய ஆறுதல். டூர் போஸ்டர்ல சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர்னு வரிசையா ஊர்கள் இருக்கும். கள்ளக்குறிச்சி பேரை நான் பார்த்ததே இல்ல. ஆனா அந்தப் பக்கத்து மக்களுக்கு டூரிங் காமெடியன் ஒண்ணும் புதுசு இல்ல. அது தெருக்கூத்து நடக்குற மண். விடிய விடிய நடக்குற கூத்துல முதல்ல வர்ற ஆள் கட்டியங்காரன். மேடைக்கு வர்ற ராஜாவையே "யாருப்பா நீ?"ன்னு கேட்டுக் கலாய்ப்பான். நடுவுல உள்ளூர் விவகாரத்தையும் இழுப்பான். அவன் யாரைக் கிண்டல் பண்றானோ, அவங்க எதிர்லயே தரையில உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

என்.எஸ்.கே. 1908-ல, நாகர்கோவில் பக்கத்துல ஒழுகினசேரியில, ஏழைக் குடும்பத்துல பிறந்தார். வில்லுப்பாட்டுல ஆரம்பிச்சு டி.கே.எஸ். சகோதரர்களோட நாடகக் குழுவுக்குப் போனார். அந்தக் காலத்து நாடகக் கம்பெனி ஒரு ஊர்ல முகாம் போட்டு, கூட்டம் குறைஞ்சதும் அடுத்த ஊருக்குக் கிளம்பும். ஜோக் எடுபடலைன்னா அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சிடும். அதுதான் அவருக்குப் பயிற்சி.

1936-ல 'சதிலீலாவதி' படத்துல நடிச்சார். எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். பிறகு டி.ஏ.மதுரம் ஜோடி சேர்ந்தாங்க. படத்தோட கதை எதுவா இருந்தாலும், தன்னோட காமெடிப் பகுதியை என்.எஸ்.கே. தன் குழுவை வெச்சுத் தனியா உருவாக்கிக் கொடுப்பார்.

1944 நவம்பர்ல, சினிமாக்காரங்களைப் பத்திக் கிசுகிசு எழுதின லட்சுமிகாந்தன் சென்னையில கொலை செய்யப்பட்டார். அந்த வழக்குல பாகவதரும் என்.எஸ்.கே.வும் கைதாகி, ஆயுள் தண்டனை வாங்கினாங்க. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் அப்பீல் போச்சு. 1947-ல ரெண்டு பேருமே நிரபராதின்னு விடுதலை ஆனாங்க. பாகவதரால பழைய இடத்தைப் பிடிக்க முடியல. என்.எஸ்.கே. பிடிச்சார்.

எப்படி? 1949-ல வந்த 'நல்லதம்பி'யைப் பாருங்க. எழுதினது அண்ணா. அதுல 'கிந்தனார்'னு ஒரு கதாகாலட்சேபம் வரும். நந்தனார் கதையோட வடிவத்தை அப்படியே எடுத்து, படிக்க ஆசைப்படுற ஒரு ஏழைப் பையனோட கதையா மாத்திட்டாங்க. ஒரு ஆள் நின்னு, பேசி, பாடி, சிரிக்க வெச்சு, சாதியையும் கல்வியையும் பத்திப் பேசுறார். இதுக்கு இன்னைக்கு நாம வெச்சிருக்குற பேருதான் ஸ்டாண்ட்-அப். எதிர்ல உட்கார்ந்திருக்குறவங்களோட கதையை அவங்ககிட்டயே சொல்லத் தெரிஞ்சதாலதான் அவர் திரும்பி வர முடிஞ்சதுன்னு நான் நினைக்கிறேன்.

அதே படம் மதுவிலக்கையும் பேசுது. மதராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது 1948-ல. அந்தச் சூட்டோட எடுத்த படம். குடிப் பழக்கத்தை விட்டுடுங்கன்னு சிரிக்க வெச்சே சொன்னார்.

இப்போ கள்ளக்குறிச்சிக்குத் திரும்பி வருவோம். 2024 ஜூன். கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. கல்வராயன் மலையில போலீஸ் சாராய ஊறலைத் தேடித் தேடி அழிச்சாங்க. கொஞ்ச நாள் நியூஸ்ல ஓடுச்சு, அப்புறம் நாம மறந்துட்டோம்.

தள்ளாடுற குடிகாரன் நம்ம காமெடியில இன்னும் செல்லுபடியாகுற சரக்கு. ஏ.சி. அரங்கத்துல நானும் கை தட்டியிருக்கேன். அந்த ஜோக்கை, புருஷனை இழந்த ஒரு அக்கா முன்னாடி கருணாபுரத்துல நின்னு சொல்ல முடியுமா? கட்டியங்காரனுக்கும் கலைவாணருக்கும் இந்தப் பரீட்சை தினமும் இருந்துச்சு. அதனாலதான் அவங்க கிண்டல் மேல இருக்குறவனையும் கெட்ட பழக்கத்தையும் நோக்கிப் போச்சு, கீழ விழுந்து கிடக்குறவனை நோக்கிப் போகல.

1957-ல, 50 வயசு கூட ஆகாம என்.எஸ்.கே. இறந்துட்டார். எத்தனை ஊர்ல ஹவுஸ்ஃபுல்னு பார்த்துத்தான் டூர் ஹிட்டுன்னு சொல்றோம். எந்த ஊர்ல அந்த ஜோக்கைச் சொல்ல வாய் வராதுன்னும் ஒரு கணக்கு இருக்கு. அடுத்த ஷோவுக்கு டிக்கெட் போடும்போது அதையும் யோசிங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.