கம்பி வராத ஊர்களும் காற்றில் வந்த இணைப்பும்

கடல் கடந்து வாழும் நண்பர்கள் அண்மைக் காலமாக என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி அரசியல் பற்றியதன்று. "ஊரில் அம்மா தனியாக இருக்கிறா. வீட்டுக்கு இன்ரர்நெற் எடுத்துக் கொடுக்க வேண்டும். எந்தக் கொம்பனி நல்லது?" என்பதே அது. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கேட்பவர்கள் ஒரு பெயரை எதிர்பார்க்கிறார்கள். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கரவெட்டிக்கும் முழங்காவிலுக்கும் பெயர் சொல்வது இலகுவன்று. இந்த நாட்டில் கிராமத்தவர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததைவிட, நிறுவனம் கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததே அதிகம். அந்த வரலாற்றை அறிந்தால் கேள்வியையே வேறுவிதமாகக் கேட்க வேண்டியிருக்கும்.

இலங்கையின் முதலாவது தந்திக் கம்பி 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே போடப்பட்டது. காரணம் எளிது. அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வரும் அஞ்சல் கப்பல்கள் காலித் துறைமுகத்திலேயே தங்கின. உலகச் செய்தி முதலில் காலிக்கு வந்து, பின்னர்தான் கொழும்புக்கு வரும். அந்தத் தாமதத்தைப் பொறுக்க மாட்டாமல் கொழும்பின் 'ஒப்சேவர்' பத்திரிகை 1850களில் புறாக்களின் காலில் செய்தியைக் கட்டி அனுப்புவித்தது. தந்தி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. வணிகமும் ஆட்சியும் இருந்த இடத்தை நோக்கியே கம்பி சென்றது. 1880இல் கொழும்புக்குத் தொலைபேசி வந்தபோதும் அதுவே நிகழ்ந்தது.

சுதந்திரத்துக்குப் பின்னரும் தொலைபேசி நெடுங்காலம் ஓர் அரசுத் திணைக்களத்தின் பொருளாகவே இருந்தது. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது நகரத்தவருக்கே வழக்கமாயிருந்தது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்துடன் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1996இல் சன்ரெல், லங்கா பெல் என்னும் இரு தனியார் நிறுவனங்களுக்குக் கம்பியின்றி வானலை வழியே வீடுகளுக்குத் தொலைபேசி வழங்கும் அனுமதி கிடைத்தது. 1997இல் ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் 35 சதவீதப் பங்கை ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனம் வாங்கியது. இவற்றின் பலனாக, தொலைபேசி வேண்டுமென்றால் மூவரில் ஒருவரைத் தெரிவு செய்யலாம் என்ற நிலை நம் நாட்டில் முதன்முதலாகத் தோன்றியது. அந்தத் தெரிவு கொழும்பிலும் அதனை அண்டிய நகரங்களிலுமே முதலில் இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வடக்கின் கதை வேறு. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது யாழ்ப்பாணம் மின்சாரத்தையும் தொலைபேசியையும் ஒருங்கே இழந்தது. ஒரு முழுக் குடாநாடு கடிதத்தின் காலத்துக்குத் திரும்பியது. அந்த ஆண்டுகளில் வடக்கின் தொலைபேசி எங்கே இருந்தது என்று கேட்டால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்தது என்பதே சரியான விடை.

காலி வீதியின் இருமருங்கிலும் அக்காலத்தில் முளைத்த தொலைத்தொடர்பு நிலையங்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'கொமியூனிகேசன்' என்று ஒற்றைச் சொல்லில் அழைப்போம். கண்ணாடிக் கதவிட்ட சிறு கூண்டுகள். உள்ளே ஒரு தொலைபேசி. வெளியே பேசிய நேரத்தையும் கட்டணத்தையும் சிவப்பு எழுத்தில் காட்டும் மானி. வவுனியாவைத் தாண்டி, பாஸ் எடுத்து, சோதனைகள் பல கடந்து கொழும்பு வந்து கொட்டாஞ்சேனை விடுதியொன்றில் தங்கும் தாய், கனடாவிலுள்ள மகனின் குரலை ஐந்து நிமிடம் கேட்பதற்காகவே அந்தக் கூண்டின் முன் காத்திருப்பார். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால் விடுதிக்கு ஆளனுப்பிக் கூப்பிடும் கடைகளும் இருந்தன. நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்துக்கு யாழ்ப்பாணச் செய்தி பலவேளை பயணிகளின் பைகளில் மடித்த தாளாகவே வந்து சேர்ந்தது. ஒப்சேவரின் புறாக்கள் இதைவிட விரைவாக வந்திருக்கும் என்று நாங்கள் கசப்புடன் பேசிக்கொள்வதுண்டு.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தானது. அதன் பின் ஏ9 வீதி திறந்தது. கையடக்கத் தொலைபேசியும் யாழ்ப்பாணத்துக்குப் பரவலாக வந்தது. கம்பித் தொலைபேசியைக் காணாமலே ஒரு தலைமுறை நேரடியாகக் கையடக்கத் தொலைபேசிக்குத் தாவியது. ஆனால் 2006 ஆகஸ்டில் ஏ9 மீண்டும் மூடப்பட்டது. அதன்பின் வடக்கில் தொலைபேசிச் சேவைகள் அடிக்கடி துண்டிக்கப்பட்டன. சந்தா கட்டியவருக்கு இணைப்பு உண்டா இல்லையா என்பதை நிறுவனமன்று, போரே தீர்மானித்தது. வன்னி வாசிகளுக்கு 2009க்குப் பின்னரே தெரிவு என்ற சொல்லுக்குப் பொருள் ஏற்பட்டது.

இணையத்தின் வரலாறும் இதே வழியில்தான் சென்றது. 1995இல் லங்கா இன்ரர்நெற் நிறுவனம் நாட்டின் முதலாவது வணிக இணையச் சேவையைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி இருந்தால்தான் மோடம். மோடம் இருந்தால்தான் இணையம். கம்பி இல்லாத ஊருக்கு இரண்டும் இல்லை. அதற்கு மாற்றாக நடந்த ஒரு முயற்சியை இங்கே குறிப்பிட வேண்டும். 1999இல் யுனெஸ்கோ ஆதரவுடன் கொத்மலை சமூக வானொலிக்கு இணைய இணைப்புக் கிடைத்தது. கிராமத்தவர்கள் தமக்கு வேண்டியதைக் கேட்பார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விளக்கத்தை வானொலியில் அவர்களுடைய மொழியில் சொல்வார். கம்பொளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினி வைக்கப்பட்டது. ஓர் இணைப்பைப் பல கிராமங்கள் பகிர்ந்துகொண்ட அந்த ஏற்பாட்டைப் பல நாடுகளில் முன்மாதிரியாகப் பேசினார்கள். பின்னர் 'ஈ-ஸ்ரீலங்கா' திட்டத்தின் கீழ் 'நெனசல', தமிழில் 'அறிவகம்', என்ற பெயரில் கிராமங்களில் கணினி நிலையங்கள் அமைந்தன. 2006இல் வில்பத்து காட்டோரத்திலுள்ள மகாவிலச்சிய கிராமத்தில் வீடுகளைக் கம்பியின்றி ஒன்றோடொன்று இணைத்த வலையமைப்பு உருவானது. இந்த மூன்றிலும் வீட்டுக்கு வீடு சந்தா இல்லை. ஊருக்கு ஓர் இணைப்பு என்பதே அடிப்படை.

வீட்டுக்குள் இணைப்பைக் கொண்டு வந்தது 2000களின் நடுப்பகுதியில் பரவிய சிடிஎம்ஏ தொலைபேசி. மேசைத் தொலைபேசியைப் போன்ற உருவம்; முதுகில் ஒரு சிறு அன்ரெனா. கம்பிக்காகப் பத்தாண்டு காத்திருந்த வீடுகளுக்கு அது ஓரிரு நாளில் வந்தது. அதில் கணினியைத் தொடுத்து ஆமை வேகத்தில் மின்னஞ்சல் பார்த்தவர்களும் உண்டு. பின்னர் நகரங்களில் செப்புக் கம்பி வழியே ஏடிஎஸ்எல் பரவியபோது, கிராமங்களுக்கு வானலை வழி வந்த 3ஜியும் 4ஜியுமே அகலப்பட்டையாயின. 3ஜி 2006இலும், 4ஜி 2013 அளவிலும் இந்நாட்டில் வணிகச் சேவைகளாகின. நகரத்துக்குக் கம்பி, கிராமத்துக்குக் காற்று என்ற பிரிவினை இன்றளவும் முற்றாக நீங்கவில்லை.

இதற்குக் கணக்கொன்று உண்டு. ஒளியிழை வடம் ஒரு மாடிக் குடியிருப்பின் வாசலுக்கு வந்தால் அறுபது வீடுகளுக்கு விற்கலாம். வளவுகள் விரிந்த ஊர் ஒன்றில் அதே நீள வடம் ஆறு வீடுகளுக்குக்கூடப் போதாது. கோபுரமோ ஒன்று நட்டால் பல கிலோமீற்றர் சுற்றாடலுக்குப் போதும். ஆனால் அந்தக் கோபுரத்தின் அலையை அத்தனை வீடுகளும் பங்குபோட வேண்டும். மாலை ஏழு மணிக்குப் பிள்ளைகளெல்லாம் காணொளி பார்க்கத் தொடங்கினால் வேகம் படுத்துவிடும். செப்புக் கம்பிக்கு வேறு குறை: பரிவர்த்தனை நிலையத்திலிருந்து நான்கைந்து கிலோமீற்றர் தள்ளிப்போனால் ஏடிஎஸ்எல் தேய்ந்துவிடும்.

2020, 2021 பெருந்தொற்றுக் காலத்தில் இந்த உண்மை எல்லோருக்கும் தெரியவந்தது. பாடசாலைகள் மூடப்பட, கற்றல் இணையத்துக்கு மாறியது. மலைநாட்டுக் கிராமங்களில் பிள்ளைகள் அலை தேடி மரத்திலும் பாறையிலும் ஏறிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வெளியாகின. அந்தப் பெற்றோரிடம் 'எந்த நிறுவனம்' என்று கேட்பது எவ்வளவு பொருத்தமற்றது!

வானத்திலிருந்து விடிவு வரும் என்ற நம்பிக்கை இருமுறை பிறந்தது. 2015 ஜூலையில் கூகுளின் 'லூன்' திட்டத்துடன் அரசாங்கம் உடன்படிக்கை செய்தது. பலூன்களைப் பறக்கவிட்டு முழுத் தீவுக்கும் இணையம் என்றார்கள். 2016இல் சோதனை நடந்தது. அலைவரிசை ஒதுக்கீட்டுச் சிக்கலில் காரியம் நின்றது. 2021இல் லூன் திட்டமே உலகளவில் கைவிடப்பட்டது. அடுத்தது ஸ்டார்லிங்க். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தை 2024இல் திருத்தியே அதற்கு இடமளிக்க வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் சேவை தொடங்கியது. வானம் தெரியும் இடமெல்லாம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் தொடங்கியபோதே அதன் மாதக் கட்டணம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. கருவியின் விலை வேறு. கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு அது எட்டாத வானம்தான்.

இதனிடையே நிறுவனங்களின் எண்ணிக்கை குறைந்து வருவதையும் கவனிக்க வேண்டும். சன்ரெல்லை 2012இல் டயலொக் வாங்கியது. எதிசலாத் 2018இல் ஹட்சுடன் இணைந்தது. எயார்டெல் 2024இல் டயலொக்குடன் இணைந்தது. கையடக்கச் சேவையில் ஐந்து பெயர்கள் மூன்றாயின: டயலொக், எஸ்எல்ரி-மொபிடெல், ஹட்ச். தெரிவு சுருங்கும்போது தெரிவு செய்யும் முறையில் கூடுதல் கவனம் வேண்டும்.

ஆகவே நண்பர்களின் கேள்விக்கு வருவோம்.

முதலாவது, நிறுவனத்தின் விளம்பர வரைபடத்தைப் பார்க்க வேண்டாம். வீட்டில் கருவி வைக்கப்போகும் அதே அறையில், மூன்று நிறுவனங்களின் முற்கொடுப்பனவு சிம் அட்டைகளையும் போட்டுப் பாருங்கள். காலையில் அன்று, இரவு எட்டு மணிக்கு. மழை நாளொன்றிலும் பாருங்கள். பனையும் தென்னையும் சூழ்ந்த வளவில் பத்து அடி தள்ளி வைத்தாலே அலை மாறும். அயல்வீட்டார் எதைப் பாவிக்கிறார்கள், எதைக் கைவிட்டார்கள் என்பதையும் கேளுங்கள்.

இரண்டாவது, ஒழுங்கையின் முகப்பு வரை ஒளியிழை வந்துவிட்டதா என்று விசாரியுங்கள். வந்திருந்தால் வானலையைவிட அதுவே நிலையானது. வரவில்லை என்றால், 'விரைவில் வரும்' என்ற வாக்கை நம்பி நீண்ட ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டாம்.

மூன்றாவது, மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு இருந்ததை நாம் அனுபவித்தோம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது, மின்சாரத்தோடு தொடர்பும் அறுந்து, உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறியாமல் பலர் தவித்தார்கள். ரவுட்டருக்கு ஒரு சிறு மின்கலச் சேமிப்பு வாங்கிக் கொடுங்கள். பிரதான இணைப்பு ஒரு நிறுவனத்தினது என்றால், அம்மாவின் கைத்தொலைபேசி வேறொரு நிறுவனத்தினதாக இருக்கட்டும்.

நான்காவது, தரவுப் பொதியின் நேரம். பொதியின் ஒரு பகுதியை நள்ளிரவுக்குப் பின் மட்டுமே பாவிக்கலாம் என்ற நிபந்தனை நம் நாட்டில் நெடுங்காலமாக வழக்கிலுள்ளது. இலண்டனில் மாலை ஏழரை மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே அதிகாலை ஒரு மணி. அந்த இரவு ஒதுக்கீடு உங்களுக்கு வசதி. உறங்கும் தாய்க்கு அன்று.

ஐந்தாவது, பழுது வந்தால் யார் வருவார், தொலைபேசியில் யார் தமிழில் பேசுவார் என்பது. எழுபது வயதான ஒருவர் இலக்கம் அழுத்தி, மொழி தெரிந்து, வாடிக்கையாளர் நிலையத்தின் இசையைக் கேட்டபடி இருபது நிமிடம் காத்திருக்க வேண்டுமென்றால், அந்த இணைப்பு எவ்வளவு வேகமானதாயினும் அவருக்குப் பயனில்லை. உள்ளூரில் திருத்துநர் உள்ள நிறுவனம் சற்று மெதுவானதாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

பணம் கட்டுபவர் ரொறன்ரோவில் இருக்கிறார். பாவிப்பவர் கரவெட்டியில் இருக்கிறார். பெரும்பாலும் முன்னவரே முடிவெடுக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு முன் உங்கள் குரலைக் கேட்க அந்தத் தாய்மார் கொழும்பு வரை வந்தார்கள். இம்முறையாவது, எது வேண்டும் என்பதை முதலில் அவர்களிடம் கேளுங்கள்.