பூட்ஸில் ஒரு பெயர்

1947ஆம் ஆண்டு. இத்தாலியின் செர்வீனியாவில், பனி படர்ந்த செங்குத்துச் சரிவொன்றில் ஸேனோ கொலோ மணிக்கு 159.292 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினார். காலில் மரத்தாலான சறுக்குப் பலகைகள்; தலையில் கவசம்கூட இல்லை. அது உலக சாதனை. அதை முறியடிக்க மற்றவர்களுக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இத்தாலியப் பனிச்சறுக்கு வீரர்கள் என்றாலே ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் என்றுதான் எண்ணத் தோன்றும். கொலோ அங்கே பிறந்தவர் அல்ல. நாட்டின் நடுவே முதுகெலும்புபோல் ஓடும் அப்பென்னைன் மலைத்தொடரில், டஸ்கனி மாநிலத்தின் அபெடோனே பகுதியில் 1920இல் பிறந்தவர். காட்டில் மரம் வெட்டிப் பிழைத்தவர். உடலை நன்றாகத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி, காற்றுக்கு இடம் கொடுக்காமல் இறங்கும் பாணியை யாரும் சொல்லிக்கொடுக்காமல் தாமே வகுத்துக்கொண்டார். பின்னாளில் எல்லா டவுன்ஹில் வீரர்களும் குந்தி இறங்கிய முறைக்கு அது முன்னோடி.

இருபதுகளின் முதல் பாதியை உலகப் போர் விழுங்கிவிட்டது. 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடக்கவே இல்லை. 1948இல் செயின்ட் மோரிட்ஸில் போட்டியிட்டும் பதக்கமின்றித் திரும்பினார். அப்போதே வயது 27. அவருடைய பெரிய வெற்றிகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

1950இல் உலக சாம்பியன்ஷிப் முதன்முறையாக ஐரோப்பாவை விட்டு வெளியே, அமெரிக்காவின் ஆஸ்பெனில் நடந்தது. டவுன்ஹில்லில் கொலோவுக்குத் தங்கம். அந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஜயண்ட் ஸ்லாலத்திலும் தங்கம். ஸ்லாலத்தில் வெள்ளி. அசுர வேகத்தில் நேராக இறங்குவதற்கும், நெருக்கமாக நட்ட கம்புகளுக்கிடையே நொடிக்கு நொடி திரும்புவதற்கும் வேண்டிய திறமைகள் வேறு வேறு. இரண்டிலும் ஒரே ஆள் உச்சத்தில் நின்றார் என்பதை, அந்த வேக சாதனையை விடவும் பெரிதாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு ஆண்டு கழித்து ஆஸ்லோ ஒலிம்பிக். டவுன்ஹில் போட்டி நகரத்துக்கு வெளியே, நோரேஃபியெல் மலையில் நடந்தது. கொலோ எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 30.8 விநாடி. இரண்டாவதாக வந்த ஆஸ்திரியாவின் ஓத்மார் ஷ்னைடர் அவரைவிட 1.2 விநாடி பின்தங்கியிருந்தார். ஆல்பைன் பனிச்சறுக்கில் இத்தாலி வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுதான். மற்ற இரண்டு போட்டிகளிலும் கொலோவுக்கு நான்காம் இடம்.

அந்தப் புகழை வைத்து அவர் செய்தது ஒன்றுதான். ஒரு ஜோடி பனிச்சறுக்கு பூட்ஸுக்கும் ஓர் உடைக்கும் தம் பெயரைப் போட்டுக்கொள்ள அனுமதித்தார். விளையாட்டால் பணம் ஈட்டுபவர் அமெச்சூர் ஆக மாட்டார் என்பது அன்றைய விதி. 1954இல் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று அறிவித்து விலக்கினார்கள். ஸ்வீடனில் அந்த ஆண்டு நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ள அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை.

இந்த விதி எல்லோரையும் ஒரே தட்டில் வைத்தது போலத் தோன்றும். உண்மையில் அப்படி இல்லை. வீட்டில் செல்வம் இருந்தவன் ஆண்டு முழுதும் மலையில் பயிற்சி செய்துவிட்டு அமெச்சூராகவே இருக்கலாம். மரம் வெட்டியவன் எதை விற்றுச் சாப்பிடுவான்? ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக 1952 முதல் 1972 வரை இருந்து இந்த விதியைக் கட்டிக்காத்த ஏவ்ரி பிரண்டேஜ், சிகாகோவில் கட்டுமானத் தொழிலில் பெரும் பணம் சேர்த்தவர்.

1956இல் ஒலிம்பிக் கொலோவின் சொந்த நாட்டுக்கே, கோர்ட்டினா டாம்பெட்ஸோவுக்கு வந்தது. மலையிலிருந்து சறுக்கியபடி சுடரை இறக்கிவரும் பொறுப்பைக் கொலோவிடம் கொடுத்தார்கள். போட்டியில் இறங்க மட்டும் இடமில்லை. அவர் இல்லாத அந்தக் களத்தில் ஆஸ்திரியாவின் டோனி ஸைலர் மூன்று தங்கத்தையும் அள்ளிச் சென்றார். இருபது வயது ஸைலரைக் கொலோ அன்று வென்றிருப்பாரா என்பதல்ல கேள்வி. மோதிப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது.

விதி அவரோடு நிற்கவில்லை. 1972இல் சப்போரோ ஒலிம்பிக் தொடங்கும் தறுவாயில் ஆஸ்திரியாவின் கார்ல் ஷ்ரான்ஸ் வெளியேற்றப்பட்டார். 1984இல்கூட ஸ்வீடனின் இங்கெமார் ஸ்டென்மார்க்கும் லிக்டன்ஸ்டைனின் ஹானி வென்சலும் சரயேவோவுக்குப் போக முடியவில்லை. பிறகுதான் தடுப்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

கொலோ அபெடோனேவுக்குத் திரும்பி, பனிச்சறுக்கு கற்றுக்கொடுத்து வாழ்ந்தார். அங்குள்ள சில சறுக்குப் பாதைகளுக்கு இன்று ஸேனோ என்றே பெயர். இத்தாலிய பனிச்சறுக்குச் சம்மேளனம் 1989இல் அவர்மீதிருந்த களங்கத்தை நீக்கியது. அப்போது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். 1993 மே மாதம் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். ஒலிம்பிக் டவுன்ஹில்லில் இத்தாலிக்கு அடுத்த தங்கம் 2018இல், 66 ஆண்டுகள் கழித்து, சோஃபியா கோஜா மூலம் வந்தது.