ஆவணத்தில் எழுதப்பட்ட இனம்: இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழரும் கூடலூர் – தேவர்சோலைப் பகுதி மீள்குடியேற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர் எதிர்கொண்ட இனப்பாகுபாடு பெரும்பாலும் இனக்கலவரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கலவரங்களுக்கு முன்பே கணக்கெடுப்பு, குடியுரிமைச் சட்டம், பிறப்புப் பதிவு ஆகியவற்றின் வழியே அப்பாகுபாடு நிலைபெற்றுவிட்டதையும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நீலகிரி மாவட்டத்துக்கு வந்த குடும்பங்களை அது வேறு வடிவில் பின்தொடர்ந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது. 'தாயகம் திரும்பியோர்' என்னும் அரசுச் சொல்லாட்சி, அப்பாகுபாட்டின் அடிப்படைக் கருதுகோளையே உள்வாங்கிக்கொண்ட சொல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: மலையகத் தமிழர், குடியுரிமை, நாடற்றோர், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், தேவர்சோலை, கூடலூர், தேயிலைத் தோட்டக் கழகம்

முன்னுரை

நீலகிரி மாவட்டம் கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி செல்லும் சாலையில், கேரள எல்லைக்கு அண்மையில் அமைந்த பேரூராட்சி தேவர்சோலை. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஆகிய பழங்குடியினர், வயநாட்டுச் செட்டியார், மலையாளம் பேசும் குடியேறிகள், கன்னடம் பேசுவோர், சமவெளித் தமிழர் எனப் பல மக்கள் வாழும் பகுதி இது. இவர்களோடு சேர்த்து எண்ணப்படும் இன்னொரு பிரிவினரை ஊரார் 'சிலோன்காரர்' என்பர். அரசு ஆவணங்கள் 'தாயகம் திரும்பியோர்' என்னும். ஒரே மக்களுக்கு வழங்கும் இவ்விரு பெயர்களும் ஒன்றையொன்று மறுப்பவை. முதற்பெயர் அவர்களை வெளிநாட்டாராகக் காட்டுகிறது. இரண்டாவது, அவர்கள் வெளிநாட்டிலிருந்து தம் வீட்டுக்கு வந்துவிட்டதாகச் சொல்கிறது. இம்முரண் கூடலூரில் தோன்றியதன்று. அதன் வேர் இலங்கை அரசின் பதிவேடுகளில் உள்ளது.

கணக்கெடுப்பு உருவாக்கிய இனம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிப் பயிருக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியே ஆட்கள் கண்டிச் சீமைக்குச் சென்றனர். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். தொழிலாளியின் கடன்தொகையை எழுதி, அதைத் தீர்ப்பவரிடம் அவரை விடுவிப்பதாகக் கூறும் 'துண்டு' என்ற சீட்டே ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல வழியாக இருந்தது. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் ஒரு மனிதர் எங்கு வாழலாம் என்பதைத் தாள் ஒன்று முடிவுசெய்யும் நிலை ஒழியவில்லை.

1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பீட்டில்தான் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' எனத் தமிழர் இரு இனங்களாகப் பிரித்து எண்ணப்பட்டனர். நிருவாக வசதிக்காகச் செய்யப்பட்ட பாகுபாடாகவே இதனைப் பலரும் கடந்து செல்கின்றனர். அவ்வாறு கடந்துவிட இயலாது என்பது என் கருத்து. இலங்கையின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனத்தைக் குறிக்கும் இடம் ஒன்று உண்டு. நுவரெலியாவிலோ பதுளையிலோ பிறந்த குழந்தையின் தந்தையும் அங்கேயே பிறந்தவராக இருப்பினும், அவ்விடத்தில் எழுதப்பட்டது 'இந்தியத் தமிழர்' என்பதே. குடியேற்றம் என்பது ஒருவர் வாழ்வில் ஒருமுறை நிகழும் செயல். பதிவேடோ அதனைப் பிறப்பால் வரும் பண்பாக மாற்றிற்று. இனவாதத்தின் இலக்கணம் இதுவே.

1931இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை நடைமுறைக்கு வந்தபோது, தோட்டத் தொழிலாளர் தம் நிலையான குடியிருப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் நிபந்தனைகள் புகுத்தப்பட்டன. 1939இல் அரசுத் துறைகளில் நாட்கூலி பெற்ற இந்தியர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். அவ்வாண்டு சூலையில் இலங்கை சென்ற நேருவின் முன்னிலையில் இலங்கை இந்தியக் காங்கிரசு தோன்றியது. ஆகத்து முதல் நாளிலிருந்து இந்திய அரசு இலங்கைக்கு உடலுழைப்புத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. அதாவது, 1948இல் குடியுரிமைக் கேள்வி எழுந்தபோது புதிய ஆள்வரவு நின்று ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

சட்டம் சொல்லாத சொல்

1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின் வாசகத்தில் எந்த இனமும் குறிவைக்கப்படவில்லை. இலங்கையில் பிறந்தவரேயானாலும், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றே அது கூறியது. இவ்விதி எல்லார்க்கும் பொது. ஆனால் ஐயத்துக்கு உள்ளானவர்களே அதனை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. சிங்களச் சிற்றூரில் வாழ்ந்த ஒருவரிடம் அவர் பாட்டனின் பிறப்புப் பதிவை எவரும் கேட்கவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்தவரிடம் கேட்டனர். தோட்டங்களில் பிறப்புகள் ஒழுங்காகப் பதியப்படாத காலம் அது. பேறுகாலத்துக்குத் தாய்வீடு நாடித் தமிழகம் வந்துசென்ற வழக்கமும் உண்டு. முகத்தளவில் பொதுவாகத் தோன்றும் சட்டம் இனச்சட்டமாக இயங்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான சான்று தெற்காசியாவில் அரிது.

1949இல் இயற்றப்பட்ட இந்திய – பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், மணமானவர்க்கு ஏழாண்டும் மணமாகாதவர்க்குப் பத்தாண்டும் இடையறாத வதிவை மெய்ப்பிக்கக் கோரியது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய விண்ணப்பங்கள் வந்தன; குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். அதே ஆண்டில் நிறைவேறிய தேர்தல் திருத்தச் சட்டம், குடியுரிமை இல்லாதோரின் வாக்குரிமையைப் பறித்தது. தமிழ்த் தலைமையும் இதில் ஒன்றுபட்டு நிற்கவில்லை. இச்சட்டங்களை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்த சா.ஜே.வே. செல்வநாயகம் 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இங்கு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்னும் வசைகள் சிங்களரிடமிருந்து மட்டும் வந்தவை அல்ல. இலங்கைத் தமிழரிடையேயும் அவை வழங்கின. இனப்பாகுபாட்டுக்குள் சாதி புதைந்திருந்த இடம் அது.

1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பீட்டின்படி இந்தியத் தமிழர் 7,80,589 பேர். நாட்டின் மக்கள்தொகையில் 11.7 விழுக்காடு. 1981இல் அவர்கள் 8,18,656 பேர், விழுக்காடு 5.5. இவ்வீழ்ச்சியில் நீலகிரிக்கும் ஒரு பங்கு உண்டு.

'திரும்புதல்' என்னும் புனைவு

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 நாடற்றோரை எண்ணிக்கையால் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வது 1974இல் முடிவாயிற்று. இம்மக்களின் பிரதிநிதிகள் எவரும் ஒப்பந்தத்தின் தரப்பினர் அல்லர். விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இலங்கைக் குடியுரிமையைக் கேட்டனர். இந்தியக் குடியுரிமை கேட்டோர் ஏறத்தாழ நான்கு லட்சமே. எனவே வந்தவர்களைத் 'திரும்பியோர்' என்பது பொருந்தாது. இருக்க விரும்பியோர்க்கு இடம் போதவில்லை என்பதே இக்கணக்கு உணர்த்தும் செய்தி. 1973 – 74இல் தோட்டங்களில் நிலவிய பட்டினியும் 1977ஆம் ஆண்டு வன்முறையும், தயங்கியவர்களையும் தலைமன்னாருக்குத் தள்ளின.

'இராமானுஜம்' கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கியோர் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டனர். மண்டபம் என்ற பெயர் இக்குடும்பங்களுக்குப் புதிதன்று. காலனிய ஆட்சியில் இலங்கை செல்லும் தொழிலாளரை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம் இருந்த இடமும் அதுவே. பாட்டன் போகும்போது தடுத்து வைக்கப்பட்ட மணல்திட்டில், பேரன் வரும்போது பதிவுசெய்யப்பட்டான். ஒப்பந்தத்தின் கீழ் வந்தோர், பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். 1983 சூலை வன்முறைக்குப் பின் 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றது.

இந்நிகழ்வை உலக அளவில் வைத்துப் பார்ப்பதும் பயன் தரும். 1960களில் பர்மாவிலிருந்தும் 1972இல் உகாண்டாவிலிருந்தும் இந்தியர் வெளியேற்றப்பட்டனர். 1968இல் பிரித்தன், கென்ய இந்தியரின் வருகையைத் தடுக்க இயற்றிய சட்டம், பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பிரித்தனில் பிறந்திருத்தல் முதலிய தொடர்புகளைக் கேட்டது. இருபது ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் பயன்பட்ட பாட்டன்வழிச் சோதனையின் சாயல் இதில் இருப்பதைக் காணலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பர்மாவிலும் உகாண்டாவிலும் துரத்தியது ஓர் அரசு. இலங்கை மலையகத்தினரைப் பொறுத்தவரை, பெற்றுக்கொள்ளும் அரசும் கையெழுத்திட்டது. இந்திய வம்சாவளியினர் எங்குப் பிறந்தாலும் இந்தியாவுக்கு உரியவர் என்ற சிங்கள இனவாதக் கருதுகோளை, நல்லெண்ணத்தின் பெயரால் இந்தியா ஏற்றுக்கொண்டது. 'தாயகம்' என்னும் சொல்லில் அந்த ஏற்பு பதிந்துள்ளது.

கூடலூரில் மீண்டும் லயம்

வந்தோர் கையில் கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் வழங்கிய குடும்ப அட்டை இருந்தது. எவ்வகை மறுவாழ்வு, எந்த மாவட்டம் என்பனவற்றை அதுவே தீர்மானித்தது. பெரும்பாலோர்க்குக் கிடைத்தது வியாபாரக் கடன். கொழுந்து பறித்தலும் கவ்வாத்து வெட்டுதலும் தவிர வேறு தொழில் அறியாதவர்க்குச் சமவெளியில் கடை வைக்கக் கடன் கொடுத்த திட்டத்தைத் தீட்டியோர் யாரை மனத்திற்கொண்டு தீட்டினர் என்பது வியப்புக்குரியது. கடன் கரைந்தபின் அக்குடும்பங்கள் தாம் அறிந்த மலையைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் தாமே ஏறின. நீலகிரிக்கு வந்தோரை ஜெர்மானிய மானிடவியலாளர் ஃபிராங்க் ஹைடமன் 1980களிலேயே விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழாய்வில் அவ்வளவு கவனம் பிறகும் செலுத்தப்படவில்லை.

மறுபுறம், 1968இல் தமிழக வனத்துறை இவர்களுக்கென்றே தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. 1976இலிருந்து அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக இயங்கலாயிற்று. குன்னூர், கோத்தகிரி, நடுவட்டம் ஆகியவற்றோடு கூடலூர் – பந்தலூர்ப் பகுதியில் பாண்டியாறு, தேவாலா, நெல்லியாளம், சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி எனத் தோட்டங்கள் எழுந்தன. வேலை கிடைத்தது, இதைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் பிரட்டுக்களமும் வரிசை வீடுகளும் வேலையோடு பிணைந்த குடியிருப்பும் அப்படியே மீண்டன. உரிமையாளர் மட்டும் மாறினார்.

கழகத்தில் இடம் பெறாதோர் நிலை வேறு. தேவர்சோலை உள்ளிட்ட தென்கிழக்கு வயநாடு 1877இல் மலபார் மாவட்டத்திலிருந்து நீலகிரியோடு இணைக்கப்பட்ட பகுதி. நிலம்பூர்க் கோவிலகத்தின் சன்ம நிலம். அதனை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த நிலம் சுமார் 80,000 ஏக்கர். அதில் பெரும்பகுதி இன்றுவரை வழக்கிலும் வகைப்பாட்டிலும் சிக்கியுள்ளது. தனியார் தோட்டங்களில் கூலி வேலை செய்துகொண்டு, அந்நிலங்களில் குடிசை போட்டவர்களுக்குப் பட்டா இல்லை. மின் இணைப்பும் நெடுங்காலம் எட்டாக்கனி. மலையாளக் குடியேறிகளும் இதே சிக்கலில் உள்ளனர் என்பது உண்மையே. ஆனால் 'சிலோன்காரர்' என்னும் அடையாளம், ஆக்கிரமிப்பாளர் என்னும் குற்றச்சாட்டை இவர்கள்மீது எளிதாக ஒட்டவைத்தது. நாணயத்தின் மறுபக்கமும் உண்டு. தேயிலைக்காகத் திருத்தப்பட்ட காடு எவர்க்கும் உரிமையற்றதாக இருக்கவில்லை. பணியரும் காட்டுநாயக்கரும் அதைக் கேட்கும் உரிமை உடையவர்கள். அகற்றப்பட்ட மக்களைக் கொண்டு மற்றொரு மக்களின் காட்டை நிரப்பிய பொறுப்பு அரசுகளுடையதே. பழியோ வந்தேறியவர்கள்மேல் விழுந்தது.

சாதிச் சான்றிதழ் இவ்வரலாற்றின் கூர்மையான முனை. இலங்கை ஆவணம் இனத்தைப் பதிந்தது, சாதியைப் பதியவில்லை. தமிழகத்து அலுவலகமோ சாதியைக் கேட்டது. அதற்குத் தந்தையின் சான்று, பூர்வீக ஊரின் சான்று ஆகியவற்றைக் கோரியது. கொழும்பில் பாட்டன் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்ட இயலாமல் குடியுரிமை இழந்த குடும்பம், கூடலூரில் பாட்டன் தமிழகத்தில் பிறந்த ஊருக்குச் சான்று காட்ட இயலாமல் பிள்ளையின் உதவித்தொகையை இழந்தது. இரு அலுவலகங்களிலும் கேட்கப்பட்ட வினா ஒன்றே.

2022இல் தேயிலைத் தோட்டக் கழகத்தின் நட்டத்தைக் காரணம் காட்டி, அதன் வசமிருந்த சுமார் 2,152 எக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்கத் தமிழக அரசு ஆணையிட்டது. கழக வீடுகள் பணிக்காலத்துக்கு உரியவை. ஓய்வு பெறுவோர் அவற்றைக் காலி செய்ய வேண்டும் என்பதே விதி. இலங்கையில் பிறந்து குழந்தையாக மண்டபத்தில் வந்திறங்கிய தலைமுறை இப்போதுதான் ஓய்வு பெற்று வருகிறது. குடியிருப்புக்கு எதை ஆதாரமாகக் காட்டுவது என்னும் கேள்வியோடு அவர்கள் இன்றும் எடுத்து நீட்டுவது, கண்டியில் முத்திரையிடப்பட்ட அந்தக் குடும்ப அட்டையைத்தான்.