சட்டாம்பிள்ளையும் கருத்தாளரும்

'ட்ரெயினிங்கா? போய் உக்காந்துட்டு வரணும்' என்றார் ஆசிரிய நண்பர். அந்த உட்கார்தலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1789இல் எழும்பூர் ஆண் அநாதை விடுதிப் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் புகுத்த முயன்றார். உதவி ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களை ஒதுக்கிவிட்டு, எட்டு வயதுப் பையனை வாத்தியாராக்கினார். 1797இல் லண்டனில் நூலாக வந்தபின் அதுவே 'மெட்ராஸ் முறை'.

1854இல் சார்லஸ் வுட் அறிக்கை இங்கிலாந்து மாதிரியில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் கேட்டது. திண்ணை வாத்தியார் 'பயிற்சியற்றவர்' ஆனார். திண்ணையைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. தலித் பிள்ளைகளுக்கு அங்கே பெரும்பாலும் இடமிருந்ததில்லை. என் கேள்வி வேறு: வகுப்பில் நிற்பவரின் அனுபவம் எப்போது அறிவாகக் கணக்கில் வந்தது?

1986 கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டப் பயிற்சி நிறுவனங்களும் வந்தன. மேடையில் கருத்தாளர், கீழே ஆசிரியர். 'உங்க வகுப்புல என்னங்க நடக்குது?' என்று நண்பரிடம் இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லையாம்.