குடல் நுண்ணுயிரிகளும் மனச்சோர்வும்

ஆன்டிபயாடிக் மாத்திரை நோய்க்கிருமியோடு குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கிறது. உடலில் உள்ள, மனநிலையோடு தொடர்புடைய வேதிப்பொருளான செரடோனினில் சுமார் 90 சதவீதம் உருவாவது குடலில்தான். அந்தச் செரடோனின் மூளைக்குள் நேரே புகாது. ஆனாலும் வேகஸ் நரம்பு, நோயெதிர்ப்பு அமைப்பு ஆகியவற்றின் வழியே குடலும் மூளையும் பேசிக்கொள்கின்றன. பிரிட்டன் மருத்துவப் பதிவுகளை வைத்து 2015இல் வெளிவந்த ஆய்வு, அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுத்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருப்பதைக் கண்டது. காரணம் மருந்துதான் என்று இன்னும் நிறுவப்படவில்லை. நோய்த்தொற்றே மனதை வாட்டக்கூடும்.

சில ஆன்டிபயாடிக்குகளின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்1 அட்டவணை விதி 2014 முதல் திருச்சி, ஸ்ரீரங்கம் மருந்துக்கடைகளுக்கும் பொருந்தும். செபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்கை விற்றால் மருத்துவர், நோயாளி பெயர்களையும் அளவையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். உணவைப் பொறுத்தவரை, பழைய சோற்றிலும் தயிரிலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் அவை மனச்சோர்வுக்கான சிகிச்சைக்கு மாற்றாகா.