வெம்ப் சோதனைகளின் ஒப்பீடு

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் கடைத்தெரு நெரிசலில் ஒருவருக்குத் தரை நழுவுவதுபோல் தலை சுற்றுகிறது. ஒற்றைத் தலைவலியும் உண்டு. மருத்துவர்கள் ‘வெஸ்டிபுலர் மைக்ரேன்’ என்று ஐயுறுவது இப்படிப்பட்டவர்களிடம்தான். பெங்களூரு நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 2,329 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி கண்டவர்கள் ஏறத்தாழ 25 விழுக்காடு.

இத்தகையோரின் உட்செவியிலுள்ள சமநிலை உறுப்புகளைச் சோதிக்க இரண்டு வெம்ப் (VEMP) சோதனைகள் பயன்படுகின்றன; அந்த உறுப்புகளைத் தூண்டும்போது தசைகளில் எழும் மின்னலையைப் பதிவதே வெம்ப். ஓசை கேட்டதும் அதே பக்கக் கழுத்துத் தசை கணப்பொழுது தளர்வதைப் பதிவதே கழுத்து வெம்ப்; 1994இல் கோல்பாச், ஹால்மாகி, ஸ்கியூஸ் மூவரும் விவரித்தது. இது சாக்யூல் என்னும் பையின் நிலையைச் சொல்லும். கண் வெம்ப் எதிர்ப்பக்கக் கண்ணின் கீழ் பதிவாகி, யூட்ரிக்கிள் பையைப் பற்றிச் சொல்லும்.

இவற்றின் அலைவீச்சுகளை அப்படியே ஒப்பிடுவது தவறு. கண் வெம்ப் சில மைக்ரோவோல்ட்தான். கழுத்து வெம்ப் அதைவிடப் பல மடங்கு பெரியது, நோயாளி கழுத்தை எவ்வளவு இறுக்குகிறார் என்பதற்கேற்ப மாறவும் செய்யும். ஆகவே ‘இயல்பா, இல்லையா’ என்ற தீர்ப்புகளை ஒப்பிடலாம்.

இங்கேதான் பெரிய பிழை நேர்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு சோதனையும் செய்துவிட்டு, இரு வேறு கூட்டங்கள்போல் கணக்கிடுகிறார்கள். விளக்கத்துக்காக 40 நோயாளிகளை வைத்துக்கொள்வோம். கழுத்து வெம்ப் 12 பேரிடம் பிறழ்ந்தது, கண் வெம்ப் 20 பேரிடம். இரண்டும் பிறழ்ந்தவர்கள் 10 பேர். தனித்தனிக் கூட்டங்களாகக் கொண்டால் கை-வர்க்க மதிப்பு 3.33; வேறுபாடு தற்செயலல்ல என்று கொள்ள வேண்டிய 3.84 என்ற வரம்பை அது எட்டவில்லை, வேறுபாடு இல்லை என்று கைவிட வேண்டியதுதான். குவின் மெக்னிமர் 1947இல் தந்த முறையோ, இரு சோதனையும் முரண்பட்டவர்களை மட்டும் எடுக்கும்: கண் வெம்ப் மட்டும் பிறழ்ந்தவர் 10, கழுத்து வெம்ப் மட்டும் பிறழ்ந்தவர் 2. வித்தியாசத்தின் வர்க்கம் 64. அதைக் கூட்டுத்தொகை 12 ஆல் வகுத்தால் 5.33. வரம்பைத் தாண்டிவிட்டது! தரவு ஒன்றே, தீர்ப்பு தலைகீழ்.

அலையே எழாத காதுகள் இன்னொரு சிக்கல். அவற்றை விலக்கினால் அதிகம் பாதிக்கப்பட்டவர்களே கணக்கிலிருந்து வெளியேறுவார்கள். 40 பேரின் 80 காதுகளை 80 ஆட்களாக எண்ணுவதும் கூடாது. ஒருவரின் இரு காதுகளும் ஒன்றையொன்று சார்ந்தவை.

சராசரிகளை மட்டும் அச்சிட்டால் போதாது. இரு சோதனைகளும் எங்கே ஒத்தன, எங்கே முரண்பட்டன என்று காட்டும் நான்கு கட்ட அட்டவணையையும் ஆய்வாளர்கள் வெளியிட வேண்டும்.